மசூரி சவாய் விடுதியின் ஆவிக் கதைகள்: கேள்விச் செய்தியும் மொழிபெயர்ப்பும்

1. முன்னுரை

டேராடூனுக்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் அமைந்த மலைநகரம் மசூரி. அங்கு 1902இல் திறக்கப்பட்ட சவாய் விடுதி எழுத்தில் அடிக்கடி இடம்பெற்ற இந்திய விடுதிகளுள் ஒன்று. சவகர்லால் நேருவின் தன்வரலாற்றில் அது வருகிறது. மசூரியிலேயே வாழும் ஆங்கில எழுத்தாளர் ரஸ்கின் பாண்டின் கட்டுரைகளில் பலமுறை வருகிறது. ஆங்கிலத் துப்பறியும் புதினம் ஒன்றின் கரு அவ்விடுதியில் நிகழ்ந்த இறப்பிலிருந்தே பெறப்பட்டது என்ற செய்தியும் வழங்குகிறது. இவை எல்லாவற்றினும் பரவலாக அறியப்பட்டது, 1911இல் அங்கு இறந்த பெண்மணி ஒருவரின் ஆவி இன்றும் கூடங்களில் உலவுகிறது என்னும் கதை.

இக்கதையைத் தமிழில் பெயர்க்க முற்படுவோர் ஒரு சிக்கலை எதிர்கொள்கின்றனர். ஆவி உண்டா இல்லையா என்பது அச்சிக்கல் அன்று. சொல்லப்படும் செய்தியைச் சொல்பவர் கண்டறிந்தாரா, கேட்டறிந்தாரா, பதிவுகளிலிருந்து பெற்றாரா என்பதை வாக்கியத்தின் வடிவம் காட்ட வேண்டுமா என்பதே அது. தமிழில் கேள்விச் செய்தியைக் குறிக்க -ஆம் என்னும் ஒட்டு உண்டு. ஆங்கிலத்திலும் இந்தியிலும் அத்தகைய ஒட்டு இல்லை. சவாய்க் கதைகளை இந்நோக்கில் திறனாய்ந்து, சான்றுநிலை வடிவங்களைக் கைவிடுவதால் கதையில் வரும் மனிதர்க்கு நேரும் தீங்கை எடுத்துக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

விடுதியின் பெயரை எழுதுவதிலேயே பெயர்ப்பாளர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். முதல் எழுத்தைக் குறிலாகக் கொண்டு 'சவாய்' என எழுதுவதே மூல ஒலிப்புக்கு நெருக்கமானது. அதை நெடிலாக்கி எழுதின், 'நீ சாவாய்' எனப் பொருள்படும் முன்னிலை வினைமுற்று வந்து நிற்கும். ஆவிக் கதைக்கு அது பொருத்தமாகத் தோன்றினும், விடுதியின் பெயருக்கு நேர்மையானதாகாது.

2. விடுதியின் வரலாறு

சவாய் விடுதியைக் கட்டியவர் சிசில் லிங்கன் என்னும் இலக்னோ வழக்குரைஞர். முன்பு பள்ளி ஒன்று நடந்துவந்த நிலத்தில், ஆங்கில நாட்டுக் கோதிக் பாணியில், மரவேலை மிகுந்த கட்டடமாக அது எழுந்தது. டேராடூனுக்குத் தொடர்வண்டி வந்தது 1900இல்தான். அங்கிருந்து மலையேறத் தானுந்துச் சாலை இல்லாத காலம் அது. ஆகவே மேசை நாற்காலிகளும் பியானோக்களும் பில்லியர்டு மேசைகளும் மாட்டு வண்டிகளிலேயே ஏற்றிக் கொண்டுவரப்பட்டன. ஆங்கிலேய ஆட்சியாளர்க்குக் கோடைக்காலப் புகலிடமாக இருந்த நகரத்தில், இலண்டன் விடுதி ஒன்றின் பெயரையும் தோற்ற மிடுக்கையும் இந்திய மாடுகளும் கூலியாட்களும் சுமந்து சென்றனர். ஆவிக் கதைகளில் இவ்வுழைப்பாளர் எவரும் ஆவியாக வருவதில்லை என்பது எண்ணத்தக்கது.

விடுதியைப் பற்றிய சிறு நிகழ்ச்சிகள்கூடக் கதையாகும்போது வரிசை மாறுகின்றன. பின்னர் அரசி மேரியான வேல்சு இளவரசி 1906இல் சவாய்த் தோட்டத்தில் நடந்த விருந்தில் கலந்துகொண்டார் என்பது விடுதியின் பெருமைகளுள் ஒன்றாகக் கூறப்படும். அவர் சென்ற சிறிது காலத்தில் நிலநடுக்கம் வந்து விடுதியைச் சிதைத்தது என்று சில குறிப்புகள் தொடர்கின்றன. அப்பகுதியில் பேரழிவு விளைத்த காங்ரா நிலநடுக்கம் 1905 ஏப்ரல் 4ஆம் நாள் நிகழ்ந்தது. இளவரசர் இணையரின் இந்தியச் சுற்றுப்பயணமோ 1905 நவம்பரில் தொடங்கியது. குறிப்புகள் சுட்டுவது காங்ரா நிலநடுக்கமாயின், முன்னது பின்னதாக்கப்பட்டுள்ளது. விருந்தும் அதன்பின் அழிவும் என்னும் வரிசை, அழிவும் அதன்பின் விருந்தும் என்னும் வரிசையினும் கதைக்கு உகந்தது. கேள்விச் செய்தி இவ்வாறு தனக்கென ஓர் ஒழுங்கை ஏற்படுத்திக்கொள்ளும் இயல்புடையது.

இதற்கு மாறானது 1920ஆம் ஆண்டு நிகழ்ச்சி. உடல்நலங் குன்றிய தாயையும் மனைவியையும் அழைத்துக்கொண்டு நேரு அவ்வாண்டு மசூரிக்குச் சென்று சவாயில் தங்கினார். 1919ஆம் ஆண்டுப் போருக்குப்பின் ஆங்கில அரசுடன் பேச்சு நடத்த வந்திருந்த ஆப்கானியத் தூதுக்குழுவினரும் அதே விடுதியில் தங்கியிருந்தனர். அவர்களோடு எத்தொடர்பும் கொள்வதில்லை என உறுதி தருமாறு அதிகாரிகள் நேருவைக் கேட்டனர். தொடர்பு கொள்ளும் எண்ணம் அவருக்கு இல்லை. எனினும் உறுதிமொழி தர மறுத்தார். மாவட்டத்தை விட்டு வெளியேறுமாறு அவருக்கு ஆணையிடப்பட்டது. சில நாள்களுக்குப்பின் ஆணை விலக்கப்பட்டு அவர் திரும்பி வந்தபோது, விடுதி முற்றத்தில் ஆப்கானியர் ஒருவர் தம் சிறுமகளைக் கையில் ஏந்தியிருக்கக் கண்டார். வெளியேற்றச் செய்தியை நாளிதழில் படித்த தூதுக்குழுவினர், அவருடைய தாய்க்கு நாள்தோறும் பழங்களும் மலர்களும் அனுப்பி வந்தனர்.

நேரு இதனைத் தம் தன்வரலாற்றில் (1936) தாம் கண்டதாகவே எழுதுகிறார். தமிழில் இது 'கண்டேன்', 'இருந்தார்' என்னும் வினைமுற்றுகளைத் தயக்கமின்றி ஏற்கும். -ஆம் இங்கு வாராது. அரசியல் வரலாற்றில் இடம்பெற்றதும் கண்டவரே எழுதியதுமான இச்செய்தியை விடுதியின் கதைகளைக் கூறுவோர் ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றனர். எவரும் கண்டதாகத் தம் பெயரிட்டுச் சான்றளிக்காத ஆவிக்கோ பல பக்கங்கள் கிடைக்கின்றன.

3. 1911ஆம் ஆண்டு இறப்பு

பிரான்சஸ் மேரி கார்னெட்-ஓர்ம் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1911ஆம் ஆண்டு செப்டம்பரில் சவாய் அறையில் இறந்து கிடந்தார். இறந்தோரின் ஆவிகளுடன் உரையாட இயலும் என்ற நம்பிக்கையுடையவர் அவர். அவருடைய தோழியான ஈவா மவுண்ட்ஸ்டீபனும் அந்நம்பிக்கையில் ஈடுபாடு உடையவர்; பளிங்கு உருண்டையை நோக்கிக் குறி சொல்லும் பழக்கமும் அவர்களிடையே இருந்தது. இறப்புக்குக் காரணம் பிரசிக் அமிலம் என்னும் சயனைடு வகை நஞ்சு. அறை உட்புறமாகத் தாழிடப்பட்டிருந்தது என இவ்விறப்பை விவரிப்போர் எழுதுகின்றனர். இறப்பு நிகழ்ந்தபோது தோழி மசூரியில் இல்லை. நகரை விட்டு நீங்குமுன் மருந்தில் நஞ்சைக் கலந்து வைத்தார் என்பது அவர்மீது அரசுத் தரப்பு சாட்டிய குற்றம். வழக்கு அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நடந்தது. 1912இல் ஈவா மவுண்ட்ஸ்டீபன் விடுவிக்கப்பட்டார்.

பதிவு இத்துடன் நிற்கிறது. கதை இங்குத் தொடங்குகிறது. பிணக்கூறாய்வு செய்த மருத்துவரும் சில மாதங்களில் நஞ்சுண்டு இறந்தாராம். கொன்றவரைத் தேடிக் கார்னெட்-ஓர்மின் ஆவி கூடங்களில் திரிகிறதாம். ஆங்கிலத்தில் எழுதுவோர் இவற்றைத் தொடங்கும்போது 'மரபுவழிக் கதை கூறுவது யாதெனில்' என்பது போன்ற ஒரு தொடரை இடுவர். ஓரிரு வாக்கியங்களுக்குள் அத்தொடரின் ஆட்சி தளர்ந்துவிடும். நான்காம் வாக்கியத்தில் ஆவி நேராகவே நடக்கத் தொடங்கும்.

4. நஞ்சும் பட்டமும் தோழியும்

இக்கதையின் பல வடிவங்களை ஒப்பிட்டு நோக்குங்கால் மூன்று மாற்றங்கள் புலப்படுகின்றன.

முதலாவது, பட்டம். வழக்குப் பதிவில் இறந்தவர் மணமாகாத ஒரு சீமாட்டி மட்டுமே. கதையில் அவர் பிரபுக் குலத்து மகளிர்க்குரிய 'லேடி' என்னும் பட்டம் பெறுகிறார். பெரிய விடுதியில் உலவும் ஆவிக்குப் பெரிய குலம் தேவைப்படுகிறது போலும்.

இரண்டாவது, நஞ்சு. பிரசிக் அமிலம் பல வடிவங்களில் ஸ்டிரிக்னின் ஆகிவிடுகிறது. ஸ்டிரிக்னின் எட்டி மரத்தின் விதையில் உள்ள நஞ்சு. எட்டியின் கசப்பும் கொடுமையும் தமிழர் அறிந்தவை. ஆயினும் இம்மாற்றத்துக்கு எட்டி மரம் காரணம் அன்று. ஒரு புதினமே காரணம் என ஊகிக்கலாம். 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' அகதா கிறிஸ்டியின் முதல் துப்பறியும் புதினம். 1920இல் அமெரிக்காவிலும் 1921இல் இங்கிலாந்திலும் வெளிவந்தது. அதில் மாளிகைத் தலைவி தாழிட்ட அறையில் ஸ்டிரிக்னின் நஞ்சால் இறக்கிறார். அவர் நாள்தோறும் உண்ட மருந்தில் இருந்த நஞ்சு, வேறொரு பொடி சேர்க்கப்பட்டதால் புட்டியின் அடியில் படிந்து, கடைசி வேளை மருந்தில் ஒருங்கே சேர்ந்துவிடுகிறது. கொலையாளி அருகில் இருக்கவேண்டிய தேவையே இல்லை.

மசூரி இறப்பைப் பற்றி ரட்யார்ட் கிப்ளிங் ஆர்தர் கோனன் டாயிலுக்கு எழுதினார் என்றும், அங்கிருந்து அச்செய்தி கிறிஸ்டியை எட்டியது என்றும் கூறப்படுகிறது. கிறிஸ்டி தம் தன்வரலாற்றில் அப்புதினத்தின் தோற்றத்தை வேறு வகையாக விளக்குகிறார். முதல் உலகப் போர்க் காலத்தில் மருந்தகம் ஒன்றில் பணியாற்றியபோது நஞ்சுகளைப் பற்றி அறிந்ததும், தம் ஊரில் குடியேறிய பெல்ஜிய அகதிகளைக் கண்டதும் அவர் சுட்டும் காரணங்கள். இரண்டு விளக்கங்களும் ஒருங்கே உண்மையாக இருத்தல் கூடும். எனினும் ஒன்று ஆசிரியரே கூறியது, மற்றொன்று கேள்வி. ஒரே பத்தியில் இரண்டையும் ஒரே வினைமுற்றால் முடிக்கும் எழுத்து அவற்றின் வேறுபாட்டை அழித்துவிடுகிறது. புதினத்தின் மூலம் மசூரி என்று கொண்டபின், புதினத்தின் நஞ்சு மசூரிக்குத் திரும்பி வந்து பதிவிலிருந்த நஞ்சின் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

மூன்றாவது மாற்றமே மிகக் கொடியது. புதினத்தில் மாளிகைத் தலைவிக்கு ஈவ்லின் என்னும் தோழி உண்டு. அவள் இறப்புக்கு முன்பே சினந்து மாளிகையை விட்டு நீங்குகிறாள். இறுதியில் குற்றவாளிகள் இருவருள் ஒருத்தி அவளே எனத் தெரிகிறது; அவள் அங்கு இல்லாமை சூழ்ச்சியின் ஒரு கூறாக அமைகிறது. ஈவ்லின், ஈவா என்னும் பெயர்களின் ஒப்புமை தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் 'இந்நிகழ்ச்சியே அப்புதினம்' என்று படித்த ஒருவர், புதினத்தின் தீர்ப்பை நிகழ்ச்சியின்மீது ஏற்றுவது எளிது. நீதிமன்றம் விடுவித்த பெண்ணைப் புதினம் வழியாகக் கதை மீண்டும் தண்டிக்கிறது. அவர் மசூரியில் இல்லாதது, விடுதலைக்குத் துணை நின்ற செய்தி என்ற நிலையிலிருந்து குற்றத்துக்குச் சான்று என்ற நிலைக்கு மாறிவிடுகிறது.

புனைவு ஓரிடத்தின் வரலாற்றைத் திருத்தி எழுதுவது சவாய்க்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1909இல் திறக்கப்பட்ட ஸ்டான்லி என்னும் மலை விடுதியை ஒப்பிடலாம். அங்கும் 1911இல்தான் ஒரு நேர்ச்சி நிகழ்ந்தது: எரிவளி வெடித்துப் பணிப்பெண் ஒருவர் காயமுற்றார். அவர் இறக்கவில்லை. 1974இல் அவ்விடுதியின் 217ஆம் அறையில் தங்கிய ஸ்டீபன் கிங், அங்குத் தோன்றிய கருவைக் கொண்டு 'தி ஷைனிங்' என்னும் புதினத்தை 1977இல் வெளியிட்டார். இன்று அவ்வறையில் உலவுவதாகச் சொல்லப்படுவது, வெடிப்பில் உயிர்பிழைத்த அப்பணிப்பெண்ணின் ஆவியே. ஸ்டான்லியில் புதினம் ஆவிக்குப் புகழ் தந்தது. அதனால் யாருக்கும் பழி நேரவில்லை. சவாயில் புதினம் ஒரு குற்றவாளியையும் சேர்த்துத் தந்தது.

5. ஆவியைக் குறிக்கும் சொற்கள்

பெயர்ப்பாளரின் அடுத்த இடர் சொற்றேர்வு. பேய், பிசாசு, பூதம், அலகை, கூளி, முனி, மோகினி, ஆவி எனத் தமிழில் சொற்கள் பல. இவற்றுள் பெரும்பாலானவை ஒருகாலத்தில் மனிதராக வாழ்ந்த குறிப்பிட்ட ஒருவரைச் சுட்டுவதில்லை. தனி இனத்தைச் சுட்டும். கார்னெட்-ஓர்மைப் 'பேய்' என்றால் அவர் பெயரும் வாழ்வும் மறைந்து அச்சம் ஒன்றே எஞ்சும். 'ஆவி' என்பது உயிர், நீராவி, இறந்தவரின் உயிர்வடிவம் ஆகியவற்றையும், கிறித்தவ வழக்கில் இறையாவியையும் குறிப்பது, இகழ்ச்சி சேராதது. ஆங்கிலம், குறி கேட்போர் அழைக்கும் ஆவிக்கு ஒரு சொல்லையும் வீட்டில் உலவும் ஆவிக்கு வேறொரு சொல்லையும் ஆள்கிறது. தமிழ் இரண்டுக்கும் 'ஆவி' எனலாம். வாழ்நாளில் ஆவிகளை அழைத்தவர் இறந்தபின் தாமே ஆவியாக அழைக்கப்படுகிறார் என்னும் முரண் தமிழில் ஒரே சொல்லால் விளங்கிவிடுகிறது. இங்குப் பெயர்ப்பு மூலத்தினும் வளமுடையதாகிறது.

வினையில் நிலைமை வேறு. ஆவி ஓர் இடத்தை விடாது பற்றித் திரும்பத் திரும்ப வருவதைக் குறிக்க ஆங்கிலத்தில் தனிவினை உண்டு. இடமே அதன் செயப்படுபொருள். பிரெஞ்சு மூலத்தில் அதன் பொருள் 'அடிக்கடி வந்து செல்லுதல்' என்பதே. விடுதிக்கு அடிக்கடி வரும் விருந்தினரையும் அவ்வினை குறிக்கும் என்பது ஆங்கில எழுத்தாளர்க்குக் கிடைத்த நயம். தமிழில் பேய் மனிதரைப் 'பிடிக்கும்', மரத்தில் 'குடியிருக்கும்', வழியில் 'அறையும்'. வீட்டை அது ஒன்றும் செய்வதில்லை. வீட்டில் 'உலவும்', 'நடமாடும்'. தமிழ்ப் பேய்க்கு இரை மனிதர், இருப்பிடம் மரம். ஆங்கில ஆவிக்கோ கட்டடமே உடைமை. 'பேய் பங்களா' என்னும் தொடர் திரைப்படங்களின்வழித் தமிழில் வேரூன்றியபோது, அதில் 'பங்களா' என்னும் சொல்லும் உடன்வந்தது நோக்கத்தக்கது. ஆவி தங்குவதற்கேற்ற கட்டடம் ஆங்கிலேயர் குடியிருந்த வகைக் கட்டடமாகவே எண்ணப்பட்டது. அதே நேரத்தில் 'ஓட்டல்' என்பது தமிழகத்தில் முதன்மையாக உண்ணும் இடம். 'பேய் ஓட்டல்' என்று பெயர்த்தால் அச்சத்துக்கு மாறாக நகையே விளையும். 'விடுதி' என்பதே ஏற்றது.

இந்தி வழக்கில் ஆவியைக் குறிக்கும் 'பூத்' என்னும் சொல், 'இருந்தது, ஆனது' எனப் பொருள்படும் வடமொழி எச்சத்திலிருந்து வந்தது. இலக்கணத்தில் கடந்த காலத்துக்கும் அதுவே பெயர். தமிழிலும் கடந்த காலம் 'இறந்தகாலம்' எனப்படுகிறது. கடத்தலைக் குறித்த 'இற' என்னும் வினையே சாதலையும் குறிக்கலாயிற்று. இவ்விரு மொழிகளிலும் ஆவியும் வினைமுற்றும் அண்டையில் வாழ்கின்றன. சென்றுபோனதை எவ்வினைமுற்றால் கூறுவது என்பது ஆவிக் கதையின் புறத்தே நிற்கும் வினா அன்று.

6. கேள்விச் செய்தியின் வடிவங்கள்

செய்தியின் வாயிலைக் காட்டும் இலக்கணக் கூறுகளை மொழியியலார் சான்றுநிலை எனக் குறிப்பர். யாக்கப்சன் 1957இல் இக்கருத்தை வரையறுத்தார். ஐக்கன்வால்டின் 2004ஆம் ஆண்டு நூல் உலக மொழிகள் பலவற்றில் அதன் வகைகளை விரிவாகத் தொகுத்தது. தமிழில் இதற்கு இரண்டு துருவங்கள் உள்ளன.

ஒன்று, 'என்ப', 'என்மனார் புலவர்' எனத் தொல்காப்பியம் ஆளும் முறை. இங்குப் பிறர் கூற்று எனல் செய்திக்கு வலிமை சேர்க்கிறது, சொன்னவர் சான்றோர். அலகை என்னும் சொல் வரும் 850ஆம் குறளும் உலகத்தார் உண்டு என்பதை மறுப்பவனைப் பற்றியதே. அங்கும் பலர் கூற்று மதிப்புடையதாக நிற்கிறது.

மற்றொன்று, 'ஆகும்' என்பதன் குறுகிய வடிவமாகக் கருதப்படும் -ஆம். 'வந்தாராம்', 'அவர் மருத்துவராம்' என வினைமுற்றோடும் பெயர்ப் பயனிலையோடும் இது வாக்கிய இறுதியில் சேரும். இங்குப் பிறர் கூற்று எனல் சொல்பவரைச் செய்தியிலிருந்து விலக்குகிறது. பொறுப்பு அவருடையது அன்று. நாட்டுப்புறக் கதைகள் 'ஒரு ஊரில் ஒரு இராசா இருந்தாராம்' எனத் தொடங்குவது இதனாலேயே. குரலை மாற்றிச் சொன்னால் ஐயத்தையும் எள்ளலையும்கூட இது ஏற்கும்.

ஆங்கிலத் தொடருக்கும் -ஆம் ஒட்டுக்கும் உள்ள முதன்மை வேறுபாடு அவை நிற்கும் இடத்தில் உள்ளது. ஆங்கிலத் தொடரும், 'சொல்கிறார்கள்' என்னும் பொருளுடைய இந்தித் தொடரும் பெரும்பாலும் பத்தியின் தலையில் ஒருமுறை நிற்கும்; பின்வருவனவற்றை அவை ஆளும் என்பது படிப்பவரின் நினைவை நம்பிய ஏற்பாடு. -ஆம் ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் புதுப்பிக்கப்படவேண்டியது. ஒரு வாக்கியத்தில் அதை விட்டுவிட்டால், தமிழ்ச் செவிக்கு அவ்வாக்கியம் சொல்பவரின் சொந்தக் கூற்றாகிவிடும். ஆகவே ஆங்கிலத்தில் தளர்ச்சியாக மட்டும் தோன்றும் ஒன்று, தமிழில் உறுதிமொழியாகிறது.

உரைநடைத் தமிழ் இங்கு ஒரு தடையை ஏற்படுத்தியுள்ளது. -ஆம் பேச்சுவழக்கினது என்றும் கட்டுரைக்கு ஏற்காது என்றும் கருதும் எழுத்தாளர் அதற்கு மாறாக 'எனக் கூறப்படுகிறது' என்பதை ஆள்கின்றனர். அது நீளமானது, அடுத்தடுத்து வந்தால் சலிப்பூட்டும். எனவே பெயர்ப்பாளரோ பதிப்பாளரோ இரண்டாம் முறையிலிருந்து அதை வெட்டிவிடுகின்றனர். சொற்சிக்கனம் கருதிய இச்செயலால் கேள்விச் செய்தி உண்மைச் செய்தியாகிறது. நடையைச் செப்பம் செய்வதாக நினைத்துப் பொருளையே மாற்றிவிடுகின்றனர்.

7. மூன்று பெயர்ப்புகள்

சவாய்க் கதையின் சுருக்கத்தை மூவகையாக எழுதி ஒப்பிடலாம்.

(அ) 1911இல் கார்னெட்-ஓர்ம் இவ்விடுதியில் இறந்தார். தோழி அவரை நஞ்சிட்டுக் கொன்றார். அவருடைய ஆவி இன்றும் கூடங்களில் உலவுகிறது.

(ஆ) 1911இல் கார்னெட்-ஓர்ம் இவ்விடுதியில் இறந்தார். தோழி அவரை நஞ்சிட்டுக் கொன்றாராம். அவருடைய ஆவி இன்றும் கூடங்களில் உலவுகிறதாம்.

(இ) 1911இல் கார்னெட்-ஓர்ம் இவ்விடுதியில் இறந்தார். அவரை நஞ்சிட்டுக் கொன்றதாகத் தோழிமீது வழக்குத் தொடரப்பட்டது; 1912இல் நீதிமன்றம் தோழியை விடுவித்தது. இறந்தவரின் ஆவி இன்றும் கூடங்களில் உலவுகிறதாம்.

(அ) ஓட்டமான நடையுடையது. ஆனால் இரண்டு வாக்கியங்களுக்குச் சான்றில்லை. ஆவி உலவுகிறது என்பதைப் படிப்பவர் தாமே ஐயுறுவர். அவ்வாக்கியத்தால் தீங்கு இல்லை. தோழி கொன்றார் என்பதை எவரும் ஐயுறார்; ஏனெனில் மனிதர் மனிதரைக் கொல்வது உலகியல்பு. வியப்பான பொய்யினும் இயல்பான பொய்யே எளிதில் ஏற்கப்படும். ஆவியைப் பற்றி விழிப்புடன் இருக்கும் பெயர்ப்பாளர்கூட இவ்விரண்டாம் வாக்கியத்தைக் காணத் தவறுவர்.

(ஆ) இக்குறையை நீக்குவதுபோல் தோன்றுகிறது. எனினும் ஒரு குறை எஞ்சுகிறது. ஆவி உலவுவதும் தோழி கொன்றதும் ஒரே அளவிலான வதந்திகளாகின்றன. முன்னதைப் பற்றிப் பதிவு ஏதுமில்லை. பின்னதைப் பற்றி நீதிமன்றத் தீர்ப்பே உண்டு. எதிர்ச்சான்று இருக்குமிடத்தில் -ஆம் போதாது. அது சொல்பவரைக் காக்கும், சொல்லப்படுபவரைக் காக்காது.

(இ) பதிவைப் பதிவாகவும் கதையைக் கதையாகவும் நிறுத்துகிறது. கடைசி வாக்கியத்தின் -ஆம் முன்னைய வாக்கியங்களின் உறுதியை உயர்த்திக் காட்டுகிறது. கதையின் சுவையும் குன்றவில்லை. கொன்றவர் யாரெனத் தெரியாமையால்தான் ஆவி தேடித் திரிகிறது. (அ)வில் கொலையாளி தெரிந்துவிட்டமையால் ஆவிக்குத் தேடுவதற்கு ஏதுமில்லை. தீர்ப்பை மறைப்பது நீதிக்கு மட்டுமன்றிக் கதைக்கும் இழப்பே.

ரஸ்கின் பாண்டின் கட்டுரைகளை இவ்வளவைக் கொண்டு மதிப்பிடுதல் தகும். அவர் இக்கதையை மெல்லிய நகையுடன், ஊர்ப்பேச்சைப் பகிர்வது போன்ற குரலில் சொல்கிறார். ஆங்கிலத்தில் அந்நகையே சான்றுநிலைக் குறியாகச் செயற்படுகிறது. அவரைத் தமிழில் பெயர்ப்போர் சொற்களை மட்டும் கொண்டுவந்து குரலை விட்டுவிட்டால், ஊர்ப்பேச்சு வரலாறாகிவிடும். அமெரிக்கரான லோவல் தாமசு, மசூரி விடுதி ஒன்றில் விடியுமுன் மணி அடிப்பதாகவும், பக்தர் வழிபாட்டுக்கு எழவும் மற்றோர் தத்தம் படுக்கைக்குத் திரும்பவும் அது உதவுவதாகவும் எழுதிய நகைச்சுவையும் இத்தகையதே. பின்னோர் அதைச் சவாயின் வரலாற்றுச் செய்தியாகவே மேற்கோள் காட்டுகின்றனர். எள்ளலைப் பெயர்க்க -ஆம் ஒட்டினும் ஏற்ற கருவி தமிழில் இல்லை. 'விடியுமுன் மணி அடிப்பார்களாம்' எனும்போது மூலத்தின் கண்சிமிட்டலும் உடன்வருகிறது.

8. முடிவுரை

சவாய் விடுதி புதுப்பிக்கப்பட்டு இன்றும் இயங்குகிறது. ஆவிக் கதை அதன் புகழின் ஒரு பகுதி. அதைச் சொல்லாமல் விடவேண்டிய தேவை இல்லை. சொல்லும் முறையில் மூன்று நெறிகளைப் பெயர்ப்பாளர் கொள்ளலாம். ஒன்று, மூலத்தில் ஒருமுறை வரும் கேள்விக் குறிப்பின் ஆட்சி எவ்வளவு தொலைவு செல்கிறது என்பதைக் கணித்து, தமிழில் வாக்கியந்தோறும் அதைப் புதுப்பித்தல். இரண்டு, -ஆம் ஒட்டைக் கட்டுரை நடைக்குப் புறம்பானது என விலக்காமல், அதற்குரிய இடத்தில் ஆளுதல். மூன்று, எதிர்ச்சான்று உள்ள இடத்தில் கேள்விக் குறிப்போடு நின்றுவிடாமல் அச்சான்றையும் எழுதுதல்.

-ஆம் ஒட்டுக்கு ஒரு தனி இயல்பு உண்டு. தன்மை வினைமுற்றோடு அது பெரும்பாலும் சேர்வதில்லை. தான் செய்ததைப் பிறர் சொல்லக் கேட்டு அறியவேண்டிய தேவை ஒருவர்க்கு எழுவது அரிது. சேரும்போது அது பழி சுமத்தப்பட்டவரின் குரலாகிறது. 'நான் திருடினேனாம்' என்பவர், திருட்டைத் தம்மீது ஏற்றுவோரின் கூற்றைத் திருப்பிச் சொல்லி அதை மறுக்கிறார். ஈவா மவுண்ட்ஸ்டீபன் தமிழறிந்தவராக இருந்து, தம்மைப் பற்றிய கதையின் (அ) வடிவத்தைப் படிக்க நேர்ந்திருப்பின், 'நான் கொன்றேனாம்' என்றே அதைத் திருத்தியிருப்பார். நீதிமன்றம் தந்த விடுதலையைத் தமிழ் வாக்கியத்திலும் அவருக்குத் தருவது பெயர்ப்பாளரின் கடமையாகும்.